ஐந்தாம் தேதிக்கு முன்

இன்று 2024ஆம் ஆண்டின் கடைசி நாள். ஊராட்சி மன்றத் தலைவராக நான் எழுதும் ஐந்தாவது ஆண்டு இறுதிக் குறிப்பு இது. கடைசிக் குறிப்பும் இதுதான். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்ற நாங்கள் 2020 ஜனவரி 6ஆம் தேதி பொறுப்பேற்றோம். வரும் ஜனவரி 5ஆம் தேதியுடன் எங்கள் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பு இன்றுவரை வரவில்லை என்பதால், ஆறாம் தேதியிலிருந்து ஊராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருக்கும் என்றே பேச்சு.

முந்தைய நான்கு ஆண்டுகளிலும் போட்ட சிமெண்ட் சாலையின் நீளம், கட்டிய வடிகால், நட்ட மரக்கன்று, வசூலான வீட்டு வரி என்று கணக்கு எழுதினேன். இந்த ஆண்டு அந்தக் கணக்கை எழுதப்போவதில்லை. அவற்றுக்கெல்லாம் கல்வெட்டு இருக்கிறது, கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது, அது போதும். கல்வெட்டில் இடம்பெறாத பதினாறு பேரைப் பற்றியே இந்தக் குறிப்பு: ஓர் ஊராட்சிச் செயலர், நான்கு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குநர்கள், மூன்று தூய்மைப் பணியாளர்கள், எட்டுத் தூய்மைக் காவலர்கள். இங்கேயும் அவர்களுடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டபோது, "பேரு வேணாம்மா, அப்புறம் யாராவது எதுனா கேப்பாங்க" என்று தூய்மைக் காவலர் ஒருவர் சொன்னார். மற்றவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள்.

நான் பொறுப்பேற்றபோது எங்கள் ஊராட்சிக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைவரே இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோனது. அப்போதிருந்த தலைவர்களின் பதவிக்காலமும் அதே மாதத்தில் முடிந்ததால் தனி அலுவலர்களின் காலம் தொடங்கியது. ஒன்றியத்திலுள்ள எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே தனி அலுவலர் என்னும்போது, எங்கள் ஊரின் அடைத்துக்கொண்ட வாய்க்காலைப் பார்க்க அவரால் எத்தனை முறை வந்திருக்க முடியும்? ஆனாலும் அந்த மூன்று ஆண்டும் குழாயில் தண்ணீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, தெருவிளக்கு எரிந்தது. "தலைவர் இல்லாமல் ஊர் அநாதையாகக் கிடக்கிறது" என்று பிரசாரத்தில் வீடு வீடாகப் பேசியவள் நான். அது பாதி உண்மைதான் என்பது பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சாலை போடவும் திட்டம் கேட்டு வாங்கவும்தான் ஊருக்குத் தலைவர் தேவைப்பட்டார். அன்றாடம் ஊரை நடத்த ஆட்கள் முன்பே இருந்தார்கள்.

இந்த ஆண்டைப் பற்றி எழுதுவதென்றால் டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்ற பதினொரு மாதங்களை அந்த ஏழு நாட்கள் மறைத்துவிட்டன. எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2015 வெள்ளத்தையும் 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தவர்கள். அதனால்தானோ என்னவோ, புயல் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓர் அலட்சியம் உண்டு. காற்றுக்குப் பயப்படுவார்கள், ஆற்றுக்குப் பயப்பட மாட்டார்கள்.

நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் உள்ளே நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் எங்கள் ஊரில் நாலைந்து மரங்கள் சாய்ந்தன, மின்கம்பிகள் அறுந்தன, தாழ்வான தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். எங்களை வருத்தியது எங்கள் ஊர் மழை அல்ல. புயலின் மிச்சம் மேற்கே போய் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெய்த மழைதான். ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணைக்குத்தான் வந்தாக வேண்டும். சாத்தனூர் அணை அதை வாங்கி நிறுத்தி வைக்கக்கூடிய அளவு எப்போதோ தாண்டியிருந்தது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. எங்கள் ஊரில் அப்போது மழை விட்டிருந்தது. மழை விட்ட பிறகு வெள்ளம் வரும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்த இடத்தில் எங்கள் தொட்டி இயக்குநர்களில் மூத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு அவர் என்னிடம் வந்து, மின்சாரம் எந்த நேரமும் நிற்கலாம் என்பதால் நான்கு தொட்டிகளையும் இப்போதே நிரப்பிவிட்டு, காலைத் தண்ணீர் விடாமல் மூடி வைக்கப்போவதாகச் சொன்னார். நான் தயங்கினேன். காலையில் தண்ணீர் வராவிட்டால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். அவர் என் தயக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. அனுமதி கேட்க வரவில்லை, தகவல் சொல்ல வந்திருக்கிறார் என்பது அவர் திரும்பி நடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்று மாலை ஆறு மணிக்குப் போன மின்சாரம் ஐந்தாம் நாள்தான் வந்தது. ஆற்றோரத்தில் இருக்கும் ஆழ்துளைக் கிணறு வெள்ளத்தில் மூழ்கி, மோட்டாருக்குள் வண்டல் புகுந்து, அதை மேலே தூக்கிப் பழுதுபார்த்து இறக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. இடைப்பட்ட நாட்களில் ஊர் குடித்ததும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்ததும் அவர் மூடி வைத்த தண்ணீரில்தான். தெருவுக்கு அரை மணி நேரம் என்று அளந்து விட்டார். அளந்து விட்டதற்காகத் திட்டு வாங்கினார். தொட்டி திரும்ப நிரம்பியபோது, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராமைத் தராசில் நிறுத்துக் கலக்கி, கடைசிக் குழாயில் குளோரின் அளவைச் சோதித்துப் பார்க்கும்வரை வால்வைத் திறக்க மாட்டேன் என்று நின்றார். ஊரே குடத்தோடு காத்திருக்கும்போது அப்படி நிற்பதற்கு என்னால் முடிந்திருக்குமா என்று தெரியவில்லை. ஓட்டு கேட்டுப் போக வேண்டியவளுக்கு அது கடினம்.

டிசம்பர் 1ஆம் தேதி இரவு, ஆற்றோரக் குக்கிராமத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற தகவல் வந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட நேரங்களில் தண்டோரா போடச் சொல்வார்கள். யாரைப் போடச் சொல்வார்கள் என்பது ஊருக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டில் அரசு அந்த வழக்கத்தைத் தடை செய்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லா அறிவிப்பும் ஒலிபெருக்கியில்தான். ஆனால் அன்றிரவு கோயில் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் செத்துவிட்டது. மிஞ்சியிருந்தது குப்பை வாங்கும் பேட்டரி வண்டியும், அதில் "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று காலைதோறும் அறிவிக்கும் சின்ன ஒலிபெருக்கியும்தான். புயல் வருகிறது, வண்டிக்கு வேலை வரும் என்று நினைத்துச் சனிக்கிழமை பகலிலேயே மின்னேற்றி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார் அதை ஓட்டும் தூய்மைக் காவலர். அவருக்கு அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

நான் ஓர் அறிவிப்பை எழுதிக் கொடுத்தேன். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கும் அறிவிப்பு. அவர் அதை வாங்கிச் சேலையில் செருகிக்கொண்டார், படிக்கவில்லை. தெருவில் நுழைந்ததும் ஒவ்வொரு வீட்டின் முன்பாகவும் வண்டியை நிறுத்தி, அந்த வீட்டுக்காரரை உறவு சொல்லி அழைத்தார். "பெரியம்மா, மாட்ட அவுத்து விட்டுட்டு வாங்க. ரேஷன் கார்டும் ஆதாரும் மட்டும் எடுத்துக்குங்க, பாத்திரமெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்." எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் பிறந்து சில வாரமே ஆன குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் இரவில் ஆண்கள் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம், தினமும் வாசலில் நின்று வீட்டுக் குப்பையை வாங்குபவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது. அதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 2015இல் கோயில் படியைத் தாண்டித் தண்ணீர் வரவில்லை, 2021லும் வரவில்லை, இப்போது மட்டும் வந்துவிடுமா என்று வாதிட்ட பெரியவர்களை அவர் எப்படிக் கிளப்பினார் என்பதை இங்கே எழுதினால் அவர்களுக்குக் கோபம் வரும். விடியும் முன் அந்தக் குக்கிராமத்தில் ஒருவரும் இல்லை. இரண்டாம் தேதி பகலில் தண்ணீர் கோயில் படியைத் தாண்டியது, சந்நிதிக்குள்ளும் போனது. ஆடும் கோழியும் நிறையப் போயின. மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

பள்ளியில் தங்கியவர்களுக்குச் சமைத்தவர்கள் ஊராட்சிப் பணியாளர்கள் அல்லர். காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களும் சத்துணவுப் பணியாளர்களும் தாமாகவே வந்து அடுப்பை மூட்டினார்கள். கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியர்கள், தோணியோடு வந்த மீனவ இளைஞர்கள், கணக்கெடுப்புக்கு அலைந்த கிராம நிர்வாக அலுவலர், எங்கள் ஒன்றிய அலுவலர்கள், பொறியாளர், ஓவர்சீயர் ஆகிய அனைவருக்கும் இந்த ஊரின் நன்றி உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லப் பிறர் இருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் தூய்மைப் பணியாளர்களின் வேலை தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் கணுக்காலுக்கு மேல் வண்டல். அங்கன்வாடியில் அரிசி ஊறி நாறியது. செத்த ஆடுகளைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், கிணறுகளை இறைக்க வேண்டும், வீட்டுக்கு வீடு வெளியே தள்ளிய நனைந்த மெத்தைகளை அள்ள வேண்டும். இவற்றைச் செய்தவர்களின் கையில் முதல் மூன்று நாட்கள் கையுறை இல்லை, காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை. நான்காம் நாள்தான் வந்தன. மழைக்காலம் வருகிறது என்பது அக்டோபரிலேயே தெரியும். கையிருப்பில் எத்தனை ஜோடி இருக்கிறது என்று ஒருமுறை அறையைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டையை எண்ணிய நான் கையுறையை எண்ணவில்லை. இருவருக்குக் கால் விரலிடுக்கில் புண் வந்து இன்னும் முழுதாக ஆறவில்லை. இது யாருடைய குறையும் அல்ல, என் குறை. அடுத்து வருபவர் ஆகஸ்டு மாதத்திலேயே அந்த அறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டு, பாதிக்கப்பட்ட வீடுகளின் பட்டியல் எடுக்கப்பட்டபோது, தூய்மைப் பணியாளர் ஒருவரின் வீட்டுச் சுவர் இரண்டாம் தேதியே இடிந்து விழுந்திருந்தது தெரிய வந்தது. அவர் அந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடத்து வண்டலை அள்ளிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கணக்கெடுக்க வருபவர்கள் தம் தெருவுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்ததாகச் சொன்னார். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் வீடு கட்டுவதற்கான பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கக் கேட்டு எழுதியிருக்கிறோம். அது முடியுமுன் நான் போய்விடுவேன், செயலர் இருக்கிறார்.

செயலர் என்றதும் முதல் நாள் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊராட்சி இந்தச் சுற்றில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்ற சட்டத்தால் நாற்காலி கிடைத்த பலரைப் போலவே எனக்கும், நாற்காலியில் நான் உட்காருவேன், வேலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம்தான் ஊரில் இருந்தது. உண்மையைச் சொன்னால் என் வீட்டிலும் இருந்தது. 2020 ஜனவரி 6ஆம் தேதி பதவியேற்புக்கு நாங்கள் போனபோது தலைவர் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் போடப்பட்டிருந்தது. அதற்கு முன்தினம் வரை அங்கே நான்கு நாற்காலிகள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. என் கணவர் சிறிது நேரம் நின்றார். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் வயல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நாற்காலியைப் பற்றி இந்த ஐந்து ஆண்டில் செயலரிடம் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. (என் கணவர் இதைப் படிப்பார். அவருக்கு இப்போது இது சிரிப்பாகத்தான் இருக்கிறது.)

கணக்கு எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவளுக்குப் பதிவேடுகளைப் பார்த்ததும் தலை சுற்றியது. மாநில நிதிக் குழு மானியத்தில் வரும் பணம் எதற்கு, மின்கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும், பதினைந்தாவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்பது ஏன் என்பதையெல்லாம் செயலர் ஒரு குயர் நோட்டில் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டினார். படிக்காத காகிதத்தில் கையெழுத்திட அவர் என்னை ஒருமுறையும் விட்டதில்லை. செலவுச் சீட்டை நீட்டிவிட்டு, நான் வரிவரியாகப் படித்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். காகிதப் பதிவேட்டிலிருந்து கணினிக்கும், காசோலையிலிருந்து இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கும், ரசீதுப் புத்தகத்திலிருந்து இணையவழி வீட்டு வரிக்கும் ஊராட்சி மாறியது இந்த ஐந்து ஆண்டுக்குள்தான். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் திரைகளைப் பழகினார். சர்வர் சுணங்கும் பகல் நேரத்தை விட்டுவிட்டு நள்ளிரவில் விவரங்களை ஏற்றிவிட்டு, காலையில் வழக்கம்போல் ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறந்தவர் அவர்.

நான் எழுதத் தயங்கும் பகுதி இனிமேல்தான். ஊராட்சியில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் தனியாக எதையும் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டால் ஊராட்சியே நின்றுவிடும். எங்களுக்குள் ஒரு கால்வாய்ப் பணியின் ஒப்பந்தம் தொடர்பாக மனக்கசப்பு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று இப்போது வாதிடப்போவதில்லை. அப்போது ஒவ்வொரு நாளும் வாதிட்டோம். இரண்டு மாதம் கையெழுத்து இல்லை. அந்த இரண்டு மாதமும் பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லை.

அவர்கள் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்பதை எழுதினால்தான் இதன் கனம் தெரியும். முன்பு ஒரு தூய்மைக் காவலருக்கு மாதம் 3,600 ரூபாய். பிறகு அது 5,000 ஆனது. உயர்ந்த பிறகும் நாள் கணக்கில் பிரித்தால் 167 ரூபாய்கூட வராது. இந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலியே நாளொன்றுக்கு 319 ரூபாய். இவ்வளவு குறைந்த பணத்தை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மாதம் என்பது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போதுமான காலம். ஒருவர்கூட ஒருநாள் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. இரண்டாம் மாதக் கடைசியில், மூத்த தூய்மைப் பணியாளர் ஒருவர் என் வீட்டு வாசலைக் கூட்டிவிட்டு, "ஒங்க ரெண்டு பேரு சண்டைய எங்க அடுப்புல போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே துணைத் தலைவரின் வீட்டுக்கு நான் போனேன். அவருக்கும் யாரோ இதையே சொல்லியிருக்க வேண்டும், வாசலிலேயே எதிர்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததுண்டு, சம்பளப் பட்டியல் மட்டும் மாதக் கடைசியைத் தாண்டியதில்லை. துணைத் தலைவருக்கும், ஏழு வார்டு உறுப்பினர்கள் எனக்கு எதிராக நின்று என்னைத் திருத்திய கூட்டங்களுக்கும் நன்றி சொல்கிறேன். பணியாளர்களிடம் அந்த இரண்டு மாதத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நேரிலும் கேட்டிருக்கிறேன். எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே.

கொரோனாவைப் பற்றி முதல் ஆண்டுக் குறிப்பில் விரிவாக எழுதிவிட்டேன். பொறுப்பேற்று மூன்று மாதம் நிறையுமுன் ஊரடங்கு வந்தது. கையெழுத்து பழகுமுன் கிருமிநாசினி தெளிக்கும் இயந்திரத்தைப் பழகினோம். அந்தக் காலத்தில் இறந்தவர்களின் உடலை உறவினர்களே தொடத் தயங்கியபோது, எங்கள் தூய்மைப் பணியாளர்கள் இருவர் முன்வந்தார்கள் என்பதை மட்டும் மறுபடியும் சொல்கிறேன். ஏனென்றால் அது நான் முடிக்காமல் போகும் வேலையோடு தொடர்புடையது.

எங்கள் ஊர்க் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை தனியார் பட்டா நிலத்தின் வரப்பு வழியாகப் போகிறது. கோடையில் நடக்கலாம். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில், பாடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் தூய்மைப் பணியாளர்களிலும் தூய்மைக் காவலர்களிலும் பெரும்பாலானவர்கள் அந்தக் காலனியைச் சேர்ந்தவர்கள். தேர்தலின்போது நான் கொடுத்த முதல் வாக்குறுதி அந்தப் பாதைதான். நில உரிமையாளர்களிடம் பேசினேன், தீர்மானம் போட்டேன், மனு கொடுத்தேன், அளவு எடுக்க வைத்தேன். ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் பின்வாங்கினார். அழுத்திப் பேச வேண்டிய சில இடங்களில் சொந்தபந்தம் என்று நான் மென்று விழுங்கினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் ஐந்து ஆண்டில் பதினோரு சிமெண்ட் சாலைகள் போடப்பட்டன. அந்த நானூறு மீட்டர் மட்டும் போடப்படவில்லை.

எங்கள் காலத்தின் கடைசிக் கிராம சபை, உள்ளாட்சி தினமான நவம்பர் 1ஆம் தேதி நடக்க வேண்டியது. தீபாவளி விடுமுறையால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. வரவு செலவு படிக்கப்பட்டது, கையொப்பங்கள் வாங்கப்பட்டன, தேநீர் வந்தது. அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தூய்மைக் காவலர் ஒருவர் கையை உயர்த்தினார். பணியாளர்கள் கிராம சபையில் பேசுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பணியாளராகக் கேட்கவில்லை, இந்த ஊர் வாக்காளராகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, பாதை என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன், முடியவில்லை என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். ஏழே நாளில் புயல் வந்தது. அதற்கு மறுநாள் இரவு பேட்டரி வண்டியில் தெருத்தெருவாகப் போய், அந்தப் பட்டா நிலத்துக்காரர்களின் வீட்டு வாசலிலும் நின்று அழைத்தவர் அவர்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு அந்த நிலத்துக்காரர்களில் ஒருவர் என்னிடம் வந்து, பாதை விஷயமாக ஒருமுறை உட்கார்ந்து பேசலாம் என்றார். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படிப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனாலும் சம்மதத்தை எழுதி வாங்கக் காகிதத்தோடு வரும் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். கையெழுத்து கிடைத்தால் ஒப்படைப்புக் கோப்பில் சேரும். கிடைக்காவிட்டால், ஆறாம் தேதிக்குப் பிறகு தலைவர் என்ற பெயர் இல்லாமல் போய்ப் பேசுவேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. டிசம்பர் சம்பளப் பட்டியலில் நானும் துணைத் தலைவரும் நேற்றே ஒப்பமிட்டுவிட்டோம். ஜெனரேட்டர் வாடகையைக் கொடுத்துவிட்டோம். பழுதுபார்த்த மோட்டாரின் உத்தரவாதச் சீட்டு செயலரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நூறு நாள் வேலையில் நவம்பர் கடைசியிலிருந்து செய்த வேலைக்கான கூலி இன்னும் பலரது கணக்கில் ஏறவில்லை. பொங்கலுக்கு முன் வருமா என்று என்னிடம் கேட்கிறார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை. பதவிக்காலத்துக்குப் பிறகும் இந்தக் கேள்விக்காக என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதல் நாள், சனிக்கிழமை அன்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வைத்திருக்கிறேன். சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் என் வீட்டில் செய்வது, பாயசம் துணைத் தலைவர் வீட்டிலிருந்து வருகிறது, பரிமாறுவது நாங்கள் இருவரும் வார்டு உறுப்பினர்களும். கடைசித் தெருவை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வர ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும் என்று தூய்மைக் காவலர்கள் சொல்லியிருப்பதால், இலை ஒன்றரை மணிக்குத்தான் போடப்படும். அதற்கு முன் வரும் விருந்தினர்கள் காத்திருக்க வேண்டும்.